உன் அத்தை பெயருக்கு வந்த கடிதம்

சரவணா,

நீ இதை மெதுவாகத்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். புதன்கிழமை மத்தியானங்களில் உன் அம்மா உன்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த தமிழ், எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் உனக்கு வந்தது. பிரெஞ்சில் எழுதியிருந்தால் உனக்கும் சுலபம், எனக்கும் சுலபம். அதனால்தான் எழுதவில்லை. பிரெஞ்சில் நான் இதுவரை எழுதியதெல்லாம் விண்ணப்பங்கள். அந்த மொழியில் பேனாவை எடுத்தால் என்னை அறியாமலே பணிவாக ஆரம்பித்து, என்னை யோக்கியனாகக் காட்டிக்கொண்டுதான் முடிப்பேன். நான் செய்தது தமிழில் செய்த காரியம், தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். நீ மெதுவாகப் படிப்பதும் ஒருவகையில் நல்லதுதான். ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு உடனே எனக்குப் போன் செய்தால் நான் தாங்க மாட்டேன்.

போன மாதம் முழுக்க நீ ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாய். "அப்பா, மெரிக்குப் போனீங்களா? அத்தைக்கு அந்தப் பேப்பர் வாங்கிட்டீங்களா?" ஜூனில் உன் கல்யாணம். புதுச்சேரியிலிருந்து உன் அத்தை மல்லிகா விசாவுக்கு மனுப் போட வேண்டுமென்றால், அவளை என் வீட்டில் தங்கவைத்துக்கொள்கிறேன் என்று இங்கே மெரியில், அதாவது நகரசபையில், நான் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கிய தாள் ஒன்று அவள் கைக்குப் போய்ச்சேர வேண்டும். உன்னுடையது ஒற்றை அறை, அதில் விருந்தாளியைத் தங்கவைக்க மெரியில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. மூன்று தடவை கேட்டாய். மூன்று தடவையும், "ராந்தேவு கிடைக்கலப்பா" என்றேன். இந்த ஊர் ஆபீஸ்களில் நேரம் வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உனக்கும் தெரியும் என்பதால் நம்பிவிட்டாய். ராந்தேவு முதல் வாரமே கிடைத்துவிட்டது. போனேன், கையெழுத்துப் போட்டேன், தாளையும் வாங்கிவந்தேன். பத்தொன்பது நாள் அது நம் வீட்டு இழுப்பறையில், பண்டிகைக்கு மட்டும் உன் அம்மா எடுத்து விரிக்கிற மேஜைத் துணிகளுக்கு அடியில் கிடந்தது.

இருபதாவது நாள் காலையில் காப்பி போட்டுக்கொண்டே, இன்றைக்கு நீ கேட்டால் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். மெரியில் முத்திரை போடுகிற அம்மாள் லீவில் இருக்கிறாள் என்று சொல்லலாமா, கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று சொல்லலாமா என்று வரிசையாகச் சாக்குகள் வந்தன. எவ்வளவு லாகவமாக வந்தன தெரியுமா! அப்போதுதான் எனக்கு உறைத்தது. உன் அத்தையின் பெயருக்கு வந்த ஒரு தாளை நான் ஒளித்துவைப்பது இது இரண்டாவது தடவை. முதல் தடவை செய்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது, ஏதோ சின்னப் பிள்ளைப் புத்தி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இப்போது அறுபத்தாறு. இன்னும் அதே ஆள்தான்.

இதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதே. உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டு, அவளுக்கும் தெரியாது. நீ கட்டிக்கொள்ளப்போகிற க்ளேருக்கும் சொல். கல்யாணத்துக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் யார் கேட்டாலும் காட்டு. எல்லாரிடமும் சொல்லிப் பரப்பிய பொய்யை உன் ஒருவன் காதில் மட்டும் சொல்லித் திருப்பி வாங்கிக்கொள்ள முடியாது.

உன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பது உனக்குத் தெரியும். ஊரில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். பென்ஷன் வாங்குகிற நாளில் வெள்ளைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு நடப்பார். அவரால் எங்களுக்கும் நேசனாலித்தே உண்டு, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை. என் பிறப்பை அவரே போய்க் கொன்சுலாவில், பிரெஞ்சுத் தூதரக ஆபீசில், பதிந்துவிட்டார். மல்லிகா பிறந்தபோது அவர் எங்கோ கடல் தாண்டி இருந்தார், வந்த பிறகு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார், பிறகு இறந்தும் போனார். அவள் வளர்ந்த பிறகுதான் அவள் பெயரில் மனுக் கொடுத்தோம். தாத்தாவின் பட்டாளப் புத்தகம்தான் பெரிய ஆதாரம். லிவ்ரே என்போம். அவர் எங்கே வேலை செய்தார், எப்போது கல்யாணம் செய்தார் என்று முத்திரை முத்திரையாகக் குத்தியிருக்கும். எங்கள் வீட்டில் சாமி படத்துக்கு இருந்த மரியாதை அந்தப் புத்தகத்துக்கும் இருந்தது.

அந்த வருஷம் ஐப்பசியில் புயல் மழை. லிவ்ரே இருந்த டிரங்குப் பெட்டியை இடம் மாற்றி வைத்தவள் மல்லிகாதான், ஒழுகுகிற மூலையில் வைத்துவிட்டாள். காலையில் பெட்டியைத் திறந்தால் லிவ்ரே நனைந்து ஊறிப்போயிருந்தது. அவள் அழுதுகொண்டே ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்தாள். சில முத்திரைகள் கரைந்துவிட்டன, ஆனால் முக்கியமான பக்கங்கள் படிக்கிற மாதிரிதான் இருந்தன. அதைக் கொண்டுபோய்க் காட்டி மனுவைக் கொடுத்துவிட்டு வந்தேன். அதே மாதத்தில்தான் உன் ஆயாவுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. அம்மா படுக்கையில், நான் வேலையில்லாதவன், மல்லிகா இருபத்தோரு வயசுப் பெண். பிரான்சில் ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு பையனுக்கு அவளைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். நேசனாலித்தே வந்ததும் கல்யாணம் என்று பேச்சு. அவள் அந்த நம்பிக்கையில் பிரெஞ்சு டியூஷன் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவின் துணியை அலசும்போதுகூட வாய்க்குள் வினைச்சொல் சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

எரிச்சல் ஏன் என்று சொல்கிறேன். தாத்தாவின் பழைய பட்டாள நண்பர் ஒருவர் எனக்கும் ஓர் இடம் பார்த்துவைத்து, சீக்கிரம் வா என்று எழுதியிருந்தார். மல்லிகா கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டால் அம்மாவைத் திருப்பிப் போடவும், குளிப்பாட்டவும் ஆள் வேண்டும். அது நானாகத்தான் இருக்கும். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே கணக்குப் போட்டுப் பார்த்துப் பயந்துபோனேன். அந்த நேரத்தில் ஒரு நாள் பத்து மணிக்குத் தபால்காரர் வந்து கொன்சுலாக் கடிதத்தை என் கையில் கொடுத்தார். உள்ளே மல்லிகா அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். "யாருண்ணா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "பக்கத்து வூட்டுக்கு வந்தது" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்த நொடியில் எனக்கே தெரியாது. பிரித்துப் பார்த்தேன். மனு சரியாக இருக்கிறது, அசல் ஆவணங்களோடு மல்லிகா நேரில் வந்து கையெழுத்திட வேண்டும், வராவிட்டால் மனு முடித்துவைக்கப்படும் என்று எழுதி, தேதியும் நேரமும் போட்டிருந்தது. லிவ்ரே நனைந்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது நிஜம், ஆனால் அதைச் சொல்லி உன்னிடம் இரக்கம் கேட்கவில்லை. அந்தத் தேதி வந்தது, போனது. பிறகு அவள் கேட்க ஆரம்பித்தாள். "அண்ணா, ஒரு எட்டு போயி கேட்டுட்டு வாயேன். நான் போலாம்னா அம்மாவ யார் பாக்கறது?" நானும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கடற்கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது அவள் வாசலிலேயே நின்றாள். அப்போதுதான் சொன்னேன். "முடிச்சிட்டாங்க மல்லி. லிவ்ரேல முத்திர அழிஞ்சிருக்குதாம். அது இல்லாம ஒண்ணியும் பண்ண முடியாதாம்."

அவள் முகம் எப்படி ஆனது என்று எழுத எனக்குத் தெம்பில்லை. அவள் என்னைத் திட்டவில்லை, கொன்சுலாவைத் திட்டவில்லை. தன் இரண்டு கையையும் பார்த்தாள். அவ்வளவுதான். நாலு மாதம் கழித்து நான் விமானம் ஏறினேன். ரயில்வே மாப்பிள்ளை வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அவள் பதினோரு வருஷம் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள், அப்புறம் லாஸ்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட லேபில் உதவியாளராகச் சேர்ந்து, அங்கேயே ரிட்டயர் ஆனாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் இங்கே முப்பத்து நான்கு வருஷம் தபால் பிரிக்கிற வேலை பார்த்தேன். யார் யார் கடிதத்தையோ ஒன்றுவிடாமல் சரியான பெட்டியில் போட்டேன். ஒரு தப்பும் செய்யாத ஊழியன் என்று ரிட்டயர் ஆகிற அன்று கைதட்டினார்கள், நீகூட வந்திருந்தாய்.

நீ பத்து வயசில் கேட்டது ஞாபகமிருக்கிறதா? உன் சிநேகிதன் கரீம் ஒவ்வொரு கோடைக்கும் காரின் கூரையில் மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அவன் தாத்தா ஊருக்குப் போவான். திரும்பி வந்து ஒரு மாதம் கதை சொல்வான். "அப்பா, நம்ம ஊருக்கு எப்ப போறோம்?" என்று கேட்டாய். வெயில் என்றேன். அடுத்த வருஷம் லீவு இல்லை என்றேன். அதற்கடுத்த வருஷம் அங்கே கொசு, உன் வயிற்றுக்கு ஆகாது என்றேன். உன்னை ஸ்பெயின் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன், அதே வெயில், அதே கொசு. பள்ளிக்கூடத்தில் சொந்த ஊரைப் பற்றிப் படம் ஒட்டிக் கொண்டுவரச் சொன்னபோது, டிராவல் ஆபீசில் இலவசமாகக் கொடுத்த புத்தகத்திலிருந்து மஞ்சள் சுவரும் போகன்வில்லாவும் வெட்டி ஒட்டினாய். அதில் நம் மனிதர்கள் ஒருவர்கூட இல்லை. "அத்தை போட்டோ இருக்கா?" என்று கேட்டாய். "இருக்கும், தேடணும்" என்றேன். தேடவேயில்லை. ஊர் எங்கே போகிறது, அங்கேயேதான் இருக்கும் என்று உன் அம்மாவிடம் கேலி பேசுவேன். அவளும் சிரிப்பாள். நான் பயந்துகொண்டிருந்தது ஊருக்கு அல்ல, மல்லிகாவின் முகத்துக்கு. நீ கைக்குழந்தையாயிருந்த சமயம் ஆயா இறந்தபோதுகூட உங்களையெல்லாம் விட்டுவிட்டு ஓடிப்போய் மூன்றே நாளில் திரும்பிவந்தேன்.

கடைசியில் இந்தத் தை மாதம் நீயே டிக்கெட் எடுத்துவிட்டு எனக்குத் தகவல் சொன்னாய். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவையாவது ஊரைப் பார்க்க வேண்டும் என்றாய். உன்னை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. முப்பத்திரண்டு வயசில் முதல் தடவையாக உன் சொந்த ஊரைப் பார்க்கிற பிள்ளை, சென்னையிலிருந்து டாக்சியில் வரும்போது பார்க்கிற போர்டையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாய். கருவடிக்குப்பத்தில் அவள் வீட்டு வாசலில் வண்டி நின்றதும் அவள் ஓடிவந்து உன்னைத்தான் முதலில் பார்த்தாள். பார்த்துவிட்டு, பயணம் நல்லபடியாக இருந்ததா என்று பிரெஞ்சில் கேட்டாள். அண்ணன் பிள்ளையிடம் நீங்கள், தாங்கள் என்கிற மரியாதைப் பன்மையில், டியூஷனில் சொல்லிக்கொடுத்த அதே இலக்கணத்தோடு. நீ ஆச்சரியப்பட்டுச் சிரித்தாய். நான் பெட்டியை இறக்குகிற சாக்கில் டிக்கிப் பக்கம் போய்விட்டேன். அந்தப் பிரெஞ்சை அவள் யாரிடம் பேசினாள் இத்தனை வருஷம்?

அடுத்த நாலு நாளும் நீ அவளோடேயே சுற்றினாய். காலையில் அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து குருசுக்குப்பத்துக்கு மீன் வாங்கப் போனாய். ஆறடிப் பிள்ளையைப் பின்னால் வைத்துக்கொண்டு அவள் ஓட்டுவதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. "ஹெல்மெட்டு போடுடா, மாப்ள ஆவப்போறவன், மண்ட ஒடஞ்சா பொண்ணு வூட்டுக்காரங்களுக்கு யாரு பதில் சொல்றது" என்று உன்னைத் திட்டினாள். நீ அவளுக்கு வீடியோவில் க்ளேரைக் காட்டினாய். அவளும் பிரெஞ்சில் ஏதோ சொல்ல, க்ளேர் அந்தப் பக்கம் அழுதேவிட்டாள். உன் அம்மா என்னிடம், "இவ்ளோ நல்ல மனுஷிகிட்டேர்ந்து எங்களை இத்தன வருஷம் ஏன் பிரிச்சி வெச்சீங்க?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள்.

மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாடு உனக்கு மறந்திருக்காது. வஞ்சிரம் வறுத்திருந்தாள். நீ கை கழுவாமலே உட்கார்ந்து, "நீங்க ஏன் அத்தை பிரான்சுக்கு வரல? இவ்ளோ நல்லா பேசறீங்களே" என்று கேட்டாய். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிவைத்திருந்த லிவ்ரேயை எடுத்துவந்து உன் முன்னால் வைத்தாள். தாள்கள் அப்பளம் மாதிரி நெளிந்து கிடந்தன.

"இந்தா, இதான் நான் பண்ண புண்ணியம்" என்றாள். "ஒங்க தாத்தா உசுரா வெச்சிருந்தது. மழ கொட்ற நேரத்துல ஒழுவுற எடத்துல கொண்டு போயி வெச்சவ நான். முத்திர எல்லாம் அழிஞ்சி போச்சி. கொன்சுலால முடியாதுன்ட்டாங்க. ஒங்கப்பா பாவம், எனக்காவ என்னா அலைச்சல் அலைஞ்சாரு தெரியுமா? சைக்கிள எடுத்துக்கினு வெயில்ல போவாரு, வருவாரு. என் கைதான் சரியில்ல. அவர சொல்லி குத்தமில்ல."

உன் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நீ எழுந்துவந்து என் தோளில் கை வைத்தாய். "பெருமையா இருக்குப்பா" என்று பிரெஞ்சில் சொன்னாய். சரவணா, என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படி அடித்ததில்லை. சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். "விடுங்க, அவருக்குத் தங்கச்சின்னா உசுரு" என்று உள்ளே உன் அம்மா சொன்னது கேட்டது. நீங்கள் எல்லாரும் நான் பாசத்தால் அழுகிறேன் என்று நினைத்தீர்கள். நான் அழுதது பயத்தில். இவள் இன்னும் கொஞ்ச நேரத்தில் தேதி கேட்பாளோ, யாரைப் பார்த்தாய், எந்த ஆபீசர் என்று நீ கேட்பாயோ என்று பயம். உள்ளே போய்ச் சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வராது. எல்லாரும் அங்கே இருந்தீர்கள், லிவ்ரேயும் மேஜையில் இருந்தது. நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "பழசெல்லாம் எதுக்கு மல்லி, மோர் இருக்கா?" என்றேன்.

கிளம்புகிற அன்று, "அத்தை, ஜூன்ல நீங்க கண்டிப்பா வரணும்" என்று நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். அவள் முகம் அப்படிப் பூத்ததை நான் அவள் இருபத்தோரு வயசில்தான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்துதான் என் பத்தொன்பது நாள் ஆரம்பித்தது. அவள் இங்கே வந்து, கல்யாண மண்டபத்தில் நம் ஊர்க்காரர்கள் நடுவில் நின்று, அதே கதையைச் சொல்லி, அதே மாதிரி என்னைப் புகழ்வாள் என்று நினைத்துத்தான் அந்தத் தாளை இழுப்பறையில் போட்டு மூடினேன். அதற்கு அவள் வராமலே இருந்தால் தேவலை என்று மனசுக்குள் ஒரு குரல். அந்தக் குரலுக்கு வயசே ஆகவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவனுக்கு அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அருகதை கிடையாது, ஆனாலும் ஒன்று சொல்கிறேன், பட்டவன் என்பதால். பொய்யே சொல்லாமல் குடும்பம் நடத்து என்று நான் சொல்ல மாட்டேன், அது உன்னாலும் முடியாது, க்ளேராலும் முடியாது. ஆனால் சொல்கிற பொய்யை உன் தலையில் போட்டுக்கொள். இன்னொருவர் தெரியாமல் செய்த சின்னத் தப்பு ஒன்று கைக்கு வாகாகக் கிடக்கும்போது அதன்மேல் ஏற்றிவிடாதே. நான் வெறுமனே "அவங்க முடியாதுன்ட்டாங்க" என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அவள் அம்மாவை யாரிடமாவது விட்டுவிட்டு நேரில் போய்ச் சண்டை போட்டிருப்பாள். அவள் அப்படிப்பட்டவள். தன் தப்பு என்று நினைத்ததால்தான் வாயை மூடிக்கொண்டாள். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னேன். கடிதத்தை ஒளித்ததை ஒருவேளை யாராவது மன்னிக்கலாம். இதை எப்படி மன்னிப்பது என்று எனக்கே தெரியவில்லை.

முந்தாநாள் அந்தத் தாளைப் பதிவுத் தபாலில் அவளுக்கு அனுப்பிவிட்டேன். ரசீது உன் அம்மாவிடம் இருக்கிறது. அனுப்பிய பிறகுதான் மல்லிகாவுக்குப் போன் செய்தேன். முதலில் போன் செய்திருந்தால், கோபத்தில் அவள் வரவே மாட்டேன் என்றிருப்பாள், அதையே சாக்காக வைத்து நான் அனுப்பாமல் விட்டிருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

அங்கே காலை பதினொரு மணி. "என்னாண்ணா, இன்னிக்கி அதிசயமா நீயே பண்ற, அண்ணி இல்லயா?" என்று சிரித்தாள். நான் உட்கார்ந்துகொண்டு, மேலே உனக்கு எழுதியிருப்பதையெல்லாம் சொன்னேன். தபால்காரர் வந்தது, பக்கத்து வீட்டுக்கு என்று சொன்னது, கடற்கரையில் உட்கார்ந்திருந்தது எல்லாம். நடுவில் லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். "கேட்டுக்கினுதான் இருக்கேன்" என்றாள். முடிக்கிறவரை கேட்டாள்.

"அதுல எந்தக் கெழம போட்டிருந்திச்சி?" என்று கேட்டாள்.

"செவ்வாக்கெழம. காலைல ஒம்பதரை."

"அன்னிக்கி நான் எங்க இருந்தேன்?"

"வூட்லதான் இருந்த மல்லி. பின்னால. அம்மா போர்வய அலசிக்கினு இருந்த."

எனக்கு அது நன்றாக ஞாபகமிருந்தது. ஒன்பதரை மணிக்கு நான் கடிகாரத்தைப் பார்த்தேன், பிறகு அவளைப் பார்த்தேன். அதையும் சொன்னேன். அப்போது அவள் அழ ஆரம்பித்தாள். நான் அவள் அழுது கேட்டதே இல்லை, லிவ்ரே நனைந்த அன்றைக்கு அப்புறம்.

"அம்மா சாவற அன்னிக்கி நான் அவங்க கால புடிச்சிக்கினு மன்னிப்பு கேட்டேன், தெரியுமா ஒனக்கு?" என்றாள். "அப்பாவோட பொஸ்தகத்த நாசம் பண்ணிட்டேன், ஒன்ன நல்ல ஆஸ்பத்திரிக்கு அங்க கூட்டிட்டுப் போவ முடியாம பண்ணிட்டேன், மன்னிச்சிக்கோம்மான்னு கேட்டேன். அவங்க பேச முடியாம எடது கையால என் தலய தடவிக் குடுத்தாங்க. நான் செய்யாத தப்புக்கு, அந்தக் கையால…"

நான் மன்னித்துக்கொள் என்று சொன்னேன். சொன்னது எனக்கே கேவலமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் தெளிவாகிவிட்டது. லேபில் பிள்ளைகளை அதட்டுகிற குரல் அது. "சரவணன் கூப்ட்டிருக்கான், கல்யாணத்துக்கு வருவேன். பேப்பர் வரட்டும், விசாவுக்குப் போறேன். ஆனா ஒன் வூட்ல தங்க மாட்டேன். ஒன் வூட்ல கை நனைக்க மாட்டேன். புள்ளகிட்ட நீயே சொல்லிடு, நான் சொன்னா ஒன்ன காட்டிக் குடுத்த மாதிரி ஆவும்." போனை வைத்துவிட்டாள். அண்ணா என்று அவள் கூப்பிடாமல் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

அவள் சொல்லித்தான் உனக்கு எழுதுகிறேன். நானாக எழுதினேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அந்தப் பெருமையும் எனக்கு வேண்டாம். இனி நீ செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. விமான நிலையத்துக்கு நீ போ, நான் வரவில்லை. அவளை உன் அறையிலேயே தங்கவை. கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நீ கீழே படு, பத்து நாள்தானே. முதல் நாள் அவளை ரயிலில் கூட்டிக்கொண்டு போ, கடைக்குக் கூட்டிக்கொண்டு போ, அவளே பிரெஞ்சில் கேட்டு வாங்கட்டும், நீ நடுவில் புகுந்து பேசாதே. அவள் மெதுவாகப் பேசினால் கடைக்காரர்கள் காத்திருக்கட்டும்.

இன்னொன்று. கல்யாணத்தன்று காலையில் நம் வழக்கப்படி பெற்றவர்களைத் தாம்பாளத்தில் கால் வைக்கச் சொல்லிக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டுத்தான் மணமேடை ஏறுவாய். உன் அம்மா ஏற்கனவே பித்தளைத் தாம்பாளம் எடுத்துத் தேய்த்துவைத்துவிட்டாள். அவள் காலைக் கழுவு, அவள் உன்னை வளர்த்தவள். அவள் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார மாட்டேன். நான் இங்கே வந்ததும், உன் அம்மாவைக் கட்டியதும், நீ பிறந்ததும் எல்லாம் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒன்பதரை மணிக்கு மல்லிகா வீட்டுப் பின்பக்கம் போர்வை அலசிக்கொண்டிருந்ததால் நடந்தது. அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லி உன் அத்தையைக் கேள். நான் கேட்டால் பேரம் பேசுகிற மாதிரி இருக்கும், நீதான் கேட்க வேண்டும். ஒருவேளை மாட்டேன் என்பாள், உங்கப்பன் விட்ட இடம் எனக்கு எதுக்கு என்பாள். சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. அப்படிச் சொன்னால் நாற்காலியைக் காலியாகவே விட்டுவிடு, பாவம் என்று என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிடாதே.

என்மேல் உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை இப்போது சொல்ல வேண்டாம். கல்யாணம் முடியட்டும், அத்தை ஊர் போய்ச் சேரட்டும், அப்புறம் வந்து சொல். எப்போது வந்தாலும் கதவைத் திறப்பேன். திட்டுவதானால் தமிழில் திட்டு.

உன் அப்பா